அத்தோவிலிருந்து ஆய்வைத் தொடங்கலாமா?

முதுகலை மாணவன்: புலம்பெயர்வு பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். சென்னை பர்மா பஜார் பக்கம் விற்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் உணவை எடுத்துக்கொண்டேன். "சாப்பாடெல்லாம் ஆய்வா?" என்கிறார் வழிகாட்டி.

வியாசர்பாடிக்காரி: தாராளமாக எழுதுங்கள், தம்பி. பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கலந்து பிசைந்தது என்று பொருள். 1964இல் ரங்கூனில் கடைகள் அரசுடைமையானபின் கப்பலேறினோம், நான் கைக்குழந்தை. அம்மா நூடுல்ஸில் புளிக்கரைசலும் பூண்டெண்ணெயும் ஊற்றிக் கையால்தான் பிசைவார், கரண்டி ஆகாது. பர்மாவின் மீன்குழம்பு நூடுல்ஸான மொய்ங்காவில், எங்கள் வீட்டில் மீன் போய்விட்டது, வாழைத்தண்டு தங்கிவிட்டது.

கோத்தகிரிவாசி: அதே 1964இல்தான் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தேயிலைக் காட்டிலிருந்து வந்த எங்களுக்கு இங்கேயும் தேயிலைதான். அதையும் பாருங்கள்.

முதுகலை மாணவன்: வியாசர்பாடி அக்கா, உங்கள் அம்மாவிடம் நேரில் பேசலாமா?

வியாசர்பாடிக்காரி: வாருங்கள். காதருகே பேச வேண்டும். காசை மட்டும் இன்னமும் பர்மிய மொழியில்தான் எண்ணுவார்.