வீட்டோடு இருக்கும்போது பொழுதும் போகணும், பெண்களைப் பற்றிய செய்தியும் தெரியணும்: உங்கள் வீட்டில் எப்படி?

அம்மாப்பேட்டையிலிருந்து

போன ஆடியில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் அவரை விட்டு நான் நகர முடியவில்லை. போய்க்கொண்டிருந்த தையல் வகுப்பையும் நிறுத்திவிட்டேன். காலையில் போட்ட டிவி இரவு பத்துக்குத்தான் அணையும். சீரியல் முடிந்தால் நேற்றைய சீரியலின் மறுஒளிபரப்பு. பத்தாவது நாள் அத்தையே, "அத அமத்திட்டு நீ ஏதாச்சும் பேசு கண்ணு" என்றார்.

என்ன பேசுவது? வீட்டுக்காரர் டீக்கடையிலேயே பேப்பர் பார்த்துவிட்டு வருபவர், அதனால் வீட்டுக்கென்று வாங்கியதே இல்லை. ஞாயிறு மட்டும் 'இந்து தமிழ் திசை' வாங்கி வரச் சொன்னேன், 'பெண் இன்று' இணைப்புக்காக. அத்தைக்குப் படிக்கத் தெரியும், ஆனால் கண்புரை. நான்தான் சத்தமாக வாசிப்பேன். முதல் இரண்டு வாரம் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை. அப்புறம் அவரே, "இதுக்கு முந்தின வாரம் ஒரு பொண்ணப் பத்திப் படிச்சியே, அது என்னாச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார். சீரியலில் கேட்கிற மாதிரியே!

எங்கள் தெருவில் இன்னும் நாலைந்து வீட்டில் கைத்தறி ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் வீட்டுத் திண்ணையில் தறிக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் போல. ஒரு நாள் ராட்டையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எதிர்வீட்டு அக்காவும் பூக்கூடையோடு வந்து உட்கார்ந்தார்.

சொல்ல வந்தது இதைத்தான். நான் எப்போதோ கத்தரித்து வைத்திருந்த சொத்துரிமைக் கட்டுரை ஒன்றை அன்று வாசித்தேன். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று ஆக்கிவிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை, மகளுக்கு அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ராட்டைச் சத்தம் நின்றது. "எனக்குக் கல்யாணம் ஆனது தொண்ணூத்தி மூணுல" என்றார் பெரியம்மா.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "அப்பா காரியம் முடிஞ்சு அண்ணனுங்க பத்திர ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பட்டுச்சேல ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. போடச் சொன்ன எடத்துல கையெழுத்துப் போட்டேன்."

தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதித் தரும் அதற்கு விடுதலைப் பத்திரம் என்ற பெயரே அவருக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அத்தை மட்டும் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதை எதிர்த்து எதுவும் செய்யலாமா என்று கேட்டுப் பார்க்க, சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்று சொன்னேன். "அண்ணனுங்க மேல கேஸா? வேண்டாம்மா" என்றுவிட்டார். ஆனால் மறுநாள் சாயங்காலம் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, "அந்தப் பக்கத்த இன்னொருக்கா படி கண்ணு. இவனும் கேக்கட்டும்" என்றார்.

உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது? எழுதுங்கள், அத்தைக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து

உங்கள் பெரியம்மாவை நினைத்து ரொம்ப நேரம் வேலை ஓடவில்லை சகோதரி.

எங்கள் பக்கம் ஐப்பசி மழையில் கரண்ட் போனால் வரும்போதுதான் வரும், டவரும் கூடவே போய்விடும். அதனால் எங்களுக்கு ரேடியோதான். அம்மா காலத்தில் இலங்கை வானொலியின் 'பூவும் பொட்டும்' கேட்டுவிட்டுத்தான் அடுப்படி வேலையே. நான் தர்மபுரி பண்பலை வைப்பேன், 102.5. பாட்டுக்காகத்தான் வைப்பது. நடுவில் டாக்டர் பேச்சு வந்தால் மாற்றாமல் விட்டுவிடுவேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு ஒரு நாள், மாதவிடாய் நின்று வருடக்கணக்கான பிறகும் உதிரம் பட்டால் அதைச் சும்மா விடக் கூடாது என்று ஒரு டாக்டரம்மா பேசினார். மறுநாள் காப்பிப் பழம் பறிக்கும்போது ஏதோ பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். எனக்கு அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பழத்தை எடை போட்ட பிறகு தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஆறு மாசமா இருக்குது" என்றார். அவர் வீட்டுக்காரருக்கே தெரியாது.

அடுத்த வாரம் கூலியை விட்டுவிட்டு நானும் அவரும் முதல் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போனோம். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், ஆரம்ப நிலை. சிகிச்சை எடுத்தார். இந்த வருடமும் என் பக்கத்து வரிசையில்தான் பழம் பறிக்கிறார்.

சூரமங்கலத்திலிருந்து

எங்கள் மாமியாருக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டிவி பார்த்தால் ஆகாது. 2025 நவம்பர் 2, மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நவி மும்பையில் மழையால் ஆட்டம் தாமதமாகத்தான் தொடங்கியது. என் இரண்டு பெண்களும் ரிமோட்டைத் தரவே மாட்டேன் என்றுவிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்கார்ந்த மாமியார், தீப்தி சர்மா பந்து போட வந்ததும், "இந்தப் பொண்ணுதான முன்னாடி பேட்டும் புடிச்சுச்சு?" என்று கேட்டார். 58 ரன் எடுத்த பெண் 5 விக்கெட்டும் எடுத்தாள். கடைசிக் கேட்ச்சை ஹர்மன்பிரீத் ஓடிப்போய்ப் பிடித்தபோது நடுராத்திரி. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்தாகிவிட்டது. பெண்களோடு சேர்ந்து மாமியாரும் கைதட்டினார். இப்போது பேப்பர் வந்தால் விளையாட்டுப் பக்கத்தை முதலில் விரிக்கச் சொல்கிறார். சின்னவளுக்கு பேட் வாங்கியதும் அவர் காசில்தான்.

ஓமலூரிலிருந்து

ஒரு விஷயம் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் செய்தி இல்லை. மகளிர் உரிமைத் தொகை விடுபட்டவர்களுக்கு என்று ஒரு லிங்க் வந்தது. என் தங்கை அதை அழுத்தி, கேட்டதையெல்லாம் கொடுத்து, ஓடிபி-யையும் சொல்லிவிட்டாள். கொலுசுக்குச் சலங்கை கோர்த்துச் சேர்த்த நாலாயிரம் ரூபாய் போய்விட்டது. அரசாங்கத்திலிருந்து யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள். 2023-ல் திட்டம் தொடங்கியபோது மனு தள்ளுபடி ஆனவர்கள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. அதை அன்றைக்கு யாராவது அவளுக்கு வாசித்துச் சொல்லியிருந்தால் இந்த லிங்க் பக்கமே போயிருக்க மாட்டாள். பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள், நாங்கள் மூன்று நாள் கழித்துப் பண்ணினோம்.

மறுபடியும் அம்மாப்பேட்டையிலிருந்து

எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். நாகலூர் சகோதரி எழுதியதை அத்தை இரண்டு முறை கேட்டார். எதிர்வீட்டு அக்கா 1930-ஐக் காலண்டரில் எழுதி வைத்துக்கொண்டார். ஓமலூர் சகோதரி, உங்கள் தங்கையிடம் வருத்தப்பட வேண்டாம் என்று அத்தை சொல்லச் சொன்னார்.

அத்தை இப்போது வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார். நான் தை மாதம் தையல் வகுப்புக்குத் திரும்பிப் போகிறேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பது பெரியம்மாவின் மகன் என்று பேச்சாகியிருக்கிறது. பையனுக்கு ழகரம் மட்டும் கொஞ்சம் தடுமாறும், அத்தை திருத்திக்கொள்வார்.