விழுந்த பலாவை வளவுக்குள்ளேயே பலகையாக அறுக்கலாமா?

தெஹிவளைவாசி:
வணக்கம். போன மாதக் காற்றில் எங்கள் வளவுப் பலா வேரோடு சாய்ந்துவிட்டது. அடிமரம் ஒன்பது அடிக்கு நேராக இருக்கிறது, சுற்றளவு 66 அங்குலம். மரக்காலைக்குக் கொண்டுபோகலாம் என்றால் எங்கள் ஒழுங்கைக்குள் முச்சக்கரவண்டிதான் வரும், லொறி வராது. துண்டு போட்டு விறகுக்குக் கொடு என்கிறார் மாமா. அப்பம்மா வைத்த மரம், மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசை ஒன்றாவது செய்ய ஆசை. செயின் சோவில் பூட்டி நெடுக்காக அறுக்கும் ‘அலாஸ்கன் மில்’ சட்டத்தை யூடியூப்பில் பார்த்தேன். தெரிந்தவரிடம் 50 சிசி வாள் இருக்கிறது. போதுமா?

மரத்தூள்:
தம்பி, 50 சிசி கொப்பு வெட்டத்தான். சுற்றளவு 66 என்றால் குறுக்கே 21 அங்குலம். நெடுக்கு வெட்டில் வாள் நிமிடக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும், சின்ன எஞ்சின் வெந்துவிடும். 70 சிசிக்கு மேலே பார், 90 என்றால் நிம்மதி. சட்டத்தின் பிடியே வாளின் பட்டையில், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் தகட்டில், நாலைந்து அங்குலத்தை விழுங்கும், ஆகவே 28 அங்குலப் பட்டை வேண்டும்.

ஆனால் வாளைவிடச் சங்கிலிதான் விஷயம். கடையில் வாங்கும் சங்கிலியின் பல் குறுக்கே வெட்ட 30 பாகையில் தீட்டியது. நெடுக்காக அறுக்க அதை 10 பாகைக்குத் தீட்ட வேண்டும். இரத்மலானையில் அக்கா வீட்டுப் பலாவை இது தெரியாமல்தான் தொடங்கினேன். முதல் பலகைக்கு ஒரு மணித்தியாலம் போனது. பலகையும் சீப்பால் வாரியதுபோல வரி வரியாக வந்தது. மாற்றித் தீட்டியபிறகு இருபது நிமிடம்.

முதல் வெட்டுக்கு மரத்தின் மேல் நேரான அலுமினிய ஏணியை அசையாமல் இறுக்கி, அதன்மேல் சட்டத்தை ஓட்டு. அது கோணினால் அடுத்த பலகைகள் எல்லாம் அதே கோணல்தான். அடிமரத்தை வாள் போகும் பக்கம் கொஞ்சம் பள்ளமாக வைத்தால் பாரமே இழுத்துக்கொண்டு போகும். வெட்டு நீள நீளப் பின்னால் மர ஆப்பு செருகு, இல்லாவிட்டால் பலகை அமர்ந்து வாளைப் பிடிக்கும்.

மரத்தின் தோலைச் சீவிவிடு, அதில் ஒட்டிய மணல் பல்லைத் தின்றுவிடும். பலாப்பால் சங்கிலியில் பிசினாகும், மண்ணெண்ணெயில் கழுவு. அப்புறம் ஆணி! ஊர் நடுவில் நின்ற மரம் எதையாவது விழுங்கியிருக்கும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி அடிமரம் முழுக்கத் தடவிப் பார். நான் தடவவில்லை, பொறி பறந்தபோதுதான் தெரிந்தது.

தூள் மஞ்சளாகக் கையில் பிடித்து நாலு நாள் போகாது. பிக்குமாரின் சீவரத்துக்குச் சாயம் காய்ச்சிய மரம் ஆயிற்றே.

கச்சேரிக்காரன்:
விழுந்த மரம்தான் என்றாலும் முதலில் கிராம சேவகருக்குக் காட்டி, படம் எடுத்து வையுங்கள். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலாவை அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தால், தானாக விழுந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பலகையை வீதிக்கு ஏற்றுவதாக இருந்தால் போக்குவரத்து அனுமதி பற்றியும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

உளிச்சத்தம்:
நான் மொறட்டுவையில் தளபாடம் செய்கிறேன். மரத்தூள் அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஒன்றுதான் விட்டுப்போச்சு. மரத்தின் நடுக்குருத்து எந்தப் பலகைக்குள்ளும் இருக்கக்கூடாது, அங்கிருந்துதான் வெடிக்கும். வெளி வெள்ளையையும் மேசைக்குச் சேர்க்காதீர்கள், பூச்சி வரும், உள்ளே மஞ்சளாக இருக்கும் வைரம் மட்டும் போதும். ஒவ்வொரு வெட்டிலும் கால் அங்குலத்துக்கு மேல் தூளாகப் போகும். இரண்டு அங்குலத் தடிப்பில் எடுங்கள், காய்ந்து சீவிய பிறகு ஒன்றரை நிற்கும். அறுத்த அன்றே இரண்டு முனைக்கும் மிச்சப் பெயின்ட் பூசுங்கள். ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பைத் துண்டு, மேலும் கீழும் நேர்கோட்டில் வைத்து, நிழலில் அடுக்கிப் பாரம் ஏற்றுங்கள். அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பது கணக்கு.

தெஹிவளைவாசி:
இரண்டு வருடமா! மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. காந்தம் தடவினேன், இடுப்பு உயரத்தில் மூன்று இடத்தில் இழுத்தது. அப்பம்மா கொடிக்கயிறு கட்டின பக்கம். அந்தப் பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு மிச்சத்தை அறுப்பதா, ஆணியைத் தோண்டி எடுப்பதா?

மரத்தூள்:
தோண்டு. உளியால் ஆணியைச் சுற்றி எடுத்துக் குறட்டால் இழு. ஓட்டை விழுந்த பலகை மேசையின் அடிப்பக்கம் போகட்டும்.