குரோம் பதிப்பின் கடைசியில் 0.0.0 என்றே வருகிறது, முழு எண் எப்படி எடுப்பது?

தேக்காதம்பி:
சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு கேட்டரிங் கடைக்கு ஆர்டர் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். ஈசூனிலிருந்து ஓர் அக்கா போன் போட்டு, தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்வேலிட் டேட்’ என்று வருகிறது என்றார். என்ன பிரவுசர் அக்கா என்றால் ‘போன்லதான் தம்பி பார்க்கிறேன்’ என்கிறார். சரி, பக்கமே கண்டுபிடித்துக் காட்டட்டும் என்று யூசர் ஏஜென்ட்டை (பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் வரியை) பிரித்தால், என் லேப்டாப் குரோமில் முதல் எண்ணுக்குப் பிறகு எல்லாமே பூஜ்ஜியம். எண்ணைத் தேடி எடுக்க நான் எழுதிய ரெஜெக்ஸ் தப்பா?

பழையகை:
ரெஜெக்ஸ் பாவம், அதை விடுங்கள். முழு எண்ணை வைத்து ஆளை அடையாளம் பிடிக்கிறார்கள் என்று குரோமே பதிப்பு 101லிருந்து (2022) அதை மறைத்துவிட்டது. முழு எண்ணுக்கு ஜாவாஸ்கிரிப்டின் நேவிகேட்டரில் யூசர்ஏஜென்ட்டேட்டா இருக்கிறது, அதில் கெட்ஹைஎன்ட்ரபிவேல்யூஸைக் கூப்பிட்டு ஃபுல்வெர்ஷன்லிஸ்ட் கேளுங்கள். திரும்புவது பிராமிஸ், அதாவது பதில் பிறகுதான் வரும்; காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் போட மறந்து நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன். எச்டிடிபிஎஸ்சும் வேண்டும். அப்புறம் அந்தப் பிரவுசர் பெயர்ப் பட்டியலில் ‘நாட் ஏ பிராண்ட்’ மாதிரி ஒரு கிறுக்குப் பெயர் வரும், வரிசையை நம்பி யாரும் கோட் எழுதக் கூடாது என்று வேண்டுமென்றே கலந்தது. பெயர் பார்த்து எடுங்கள்.

வெப்கிட்வாசி:
அதெல்லாம் குரோம், எட்ஜ் வகையறாவுக்குத்தான். சஃபாரியிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த ஆப்ஜெக்டே கிடையாது, இருக்கிறதா என்று பார்க்காமல் கூப்பிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே படுத்துவிடும். அக்காவுடையது ஐபோனா? நம் ஊர் ஐபோனில் குரோம் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்தான். யூசர் ஏஜென்ட்டில் ‘கிரைஓஎஸ்’ என்று போட்டு முழு எண்ணையும் அதுவே சொல்லும், ஆனால் அங்கே முக்கியம் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் பதிப்புதான். ஐபேட் இன்னும் மோசம், 2019லிருந்து தன்னை மேக் என்றே சொல்லிக்கொள்கிறது. எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள், தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் வெறும் இடைவெளியா விட்டிருக்கிறீர்கள்? பழைய சஃபாரி அதைப் படிக்காது.

தேக்காதம்பி:
அண்ணே, இடைவெளியேதான்! நடுவில் ஆங்கில எழுத்து ‘டி’ (T) போட்டுக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அக்காவிடம் இருப்பது ஐபோன் 7, அவருடைய மகன் பார்த்துச் சொன்னான்.

பழையகை:
பதிப்பு எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள், புகார்ப் படிவத்தில் மறைவாக அனுப்பி வையுங்கள். அடுத்த முறை மகன் வீட்டில் இல்லாமல் போகலாம்.