பின்னறைக்கு வைஃபை: ரிப்பீட்டரா, கேபிளா?

மாடிவாசி:
ரௌட்டர் முன்னறையில் இருக்கிறது, நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர். பின்னறையில் என் மேசை பக்கத்திலேயே ரிப்பீட்டர் (ரௌட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி) மாட்டியிருக்கிறேன். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் வீடியோ காலில் குரல் விட்டு விட்டு வருகிறது. மெஷ் (தங்களுக்குள் பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் பெட்டிகள்) வாங்கலாமா, கேபிள் இழுக்கலாமா?

கம்பிக்காரன்:
கேபிள்தான். போனில் தெரியும் கோடுகள் உங்களுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள சிக்னல். ரௌட்டரிலிருந்து ரிப்பீட்டருக்கு என்ன வந்து சேருகிறது என்பது அதில் தெரியாது. அதோடு, ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவுத் துண்டும்) காற்றில் இரண்டு முறை போகிறது. வேகம் பாதியாகிவிடும். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தாங்கும். அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வையுங்கள், தொல்லை விட்டது.

கயல்:
எல்லோராலும் சுவரில் துளை போட முடியாதுங்க, வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். ரிப்பீட்டரைக் குறை சொல்லாதீர்கள், வைத்த இடம்தான் தப்பு. சிக்னல் செத்துப்போன மூலையில் வைத்தால் அது எதைத் திருப்பி அனுப்பும்? பாதி வழியில், கதவுக்கு நேராக வையுங்கள். வைஃபை அனலைசர் ஆப்பில் அந்த இடத்தில் ரௌட்டரின் சிக்னல் -65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம்) பக்கம் இருந்தால் நல்லது, -80 என்றால் வீண். ட்ரைபேண்ட் (மூன்று ரேடியோ உள்ள) மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே தனி ரேடியோ ஒதுக்க முடியும். அங்கே நீங்கள் சொல்லும் பாதிக் கணக்கு வராது.

கம்பிக்காரன்:
ட்ரைபேண்ட் விஷயம் சரி. ஆனால் அந்தத் தனி ரேடியோ பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ். கான்கிரீட்டைத் தாண்டுவதில் 2.4ஐவிட அதுதான் மோசம். வீடியோ காலுக்குப் பெரிய வேகம் வேண்டாம், தடங்கல் இல்லாமல் வந்தால் போதும், அது கம்பியில்தான் நிச்சயம். துளையும் போட வேண்டாம். தட்டைக் கேபிள் கதவிடுக்கில் போய்விடும். வாங்கும்போது முழுச் செம்பா என்று பாருங்கள், செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். மாட்டிய பிறகு லிங்க் ஸ்பீட் (கேபிள் இணைப்பின் வேகம், மெகாபிட்டில்) 1000க்குப் பதில் 100 காட்டினால், கேபிளுக்குள் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாகச் சேரவில்லையா என்று முதலில் பாருங்கள்.

அட்மின்அண்ணன்:
ஆக்சஸ் பாயின்ட் தனியாக வாங்கவே வேண்டாம், பழைய ரௌட்டர் கிடந்தால் போதும். அதன் ஐபியை (நெட்வொர்க் முகவரியை) முதல் ரௌட்டரோடு மோதாதபடி மாற்றி, டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி கொடுக்கும் வசதியை) அணைத்து, கேபிளை வான் போர்ட்டில் (வெளி லைனுக்கான துளையில்) குத்தாமல் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களுக்கான துளையில்) குத்துங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் இரண்டுக்கும் வேறு வேறு சேனல் கொடுங்கள்: 1, 6, 11 மூன்றுக்குள். அலுவலகத்திலும் இதையேதான் செய்கிறோம், பெட்டிகள்தான் கூடுதல்.

கயல்:
வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பின்னறையிலிருந்து ரௌட்டரின் ஐபிக்கே தொடர்ந்து பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் சோதனை) விடுங்கள். அதுவே 300, 400 மில்லிசெகண்ட் என்று தாவினால் கோளாறு வீட்டு வைஃபையில். அது சீராக இருந்தும் வீடியோ கால் அறுந்தால் வெளி லைனைப் பாருங்கள், அப்போது மெஷும் உதவாது, கேபிளும் உதவாது.

மாடிவாசி:
பிங் விட்டேன், ரௌட்டருக்கே 400 தாண்டுகிறது. ரிப்பீட்டரை நடைவழிக்கு மாற்றியதும் 10, 15க்கு இறங்கியது. கதவைச் சாத்தினால் மறுபடி ஏறுகிறது.

கம்பிக்காரன்:
கதவைச் சாத்தாமல் கால் பேச முடியுமா? தட்டைக் கேபிள் வாங்கிவிடுங்கள்.

கயல்:
கதவு சாத்தியிருக்கும்போது எவ்வளவு ஏறுகிறது? 50க்குள் நின்றால் காலுக்குத் தாராளம். அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.