25ஐப் போடுங்க, படகு பறக்கும் என்றார்கள்: மாற்று எஞ்சின் தேடிய அனுபவம்

பொல்கொடை வாவியில் நாங்கள் வைத்திருக்கும் 14 அடி பைபர் படகின் 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் போன மழைக்காலத்தோடு கையை விரித்துவிட்டது. கியர்ப்பெட்டி ஒயிலை இறக்கினால் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. சீல் போய், தண்ணீர் உள்ளே இறங்கி, பற்களெல்லாம் துரு. எந்த வாகனத்துக்கும் சாமான் பிடித்துத் தரும் பஞ்சிகாவத்தையிலும் அந்தப் பழைய மொடலுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

வேறு எஞ்சின் தேடுகிறேன் என்றதும் ஆளாளுக்கு ஒரு குதிரைவலு சொன்னார்கள், எஞ்சினை மாட்டும் பின்பலகை எத்தனை அங்குல உயரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கடையில், "தம்பி, 25ஐப் போடுங்க, படகு பறக்கும்" என்று ஒன்றைக் காட்டினார்கள். விலையும் மோசமில்லை. அளவுநாடாவோடுதான் போயிருந்தேன். பலகையில் உட்காரும் கொக்கியிலிருந்து புரொபெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தகடு வரை 20 அங்குலம். எங்கள் பின்பலகையோ மேல்விளிம்பின் நடுவிலிருந்து அடிவரை 15. "கட்டை வைத்து உயர்த்தலாமே" என்றார் கடைக்காரர். உயர்த்தினால் எஞ்சின் தள்ளுகிற விசை முழுவதும் அந்தக் கட்டையிலும் அதன் போல்ட்டிலும் இறங்கும், உயர்த்தாவிட்டால் புரொபெல்லர் 5 அங்குலம் கீழே தொங்கிக்கொண்டு சேற்றையும் ஆகாயத்தாமரை வேரையும் வாரும். பொல்கொடையில் ஓரமாக ஓடியவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் பாரம். 15 குதிரைவலு டூ ஸ்ட்ரோக் என்றால் 40 கிலோவுக்குள் முடிந்துவிடும், அதே வலுவில் போர் ஸ்ட்ரோக் 50ஐத் தாண்டும், 25க்குப் போனால் இன்னும் கூடும். சின்னப் படகில் அந்த எடையோடு ஓட்டுபவரும் பெற்றோல் டாங்கியும் பின்னாலேயே சேர்ந்தால், வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது பின்னால் வரும் அலை பலகை தாண்டி உள்ளே வந்துவிடும். என்னைக் கேட்டால் குதிரைவலுவைக் கடைசியாகப் பாருங்கள்.

கடைசியில் 15 அங்குலப் பலகைக்குப் பொருந்தும் குட்டைத் தண்டு எஞ்சினையே, அதே 15 குதிரைவலுவில், பழையதில் எடுத்தேன். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும், அதாவது உள்ளே ஏறும் அழுத்தத்தையும், கேஜ் போட்டுப் பார்த்து, பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் காசு கொடுத்தேன். இதைவிட மினுக்கமாகப் பெயின்ட் அடித்த ஒன்று இருந்தது, கேஜ் போட விடவில்லை. விட்டுவிட்டு வந்தேன்.

*

அண்ணா, எங்களுக்கு முகத்துவாரத்தில் நேர் எதிர்ப் பிரச்சினை. மாமாவின் வள்ளத்தில் 20 அங்குலப் பலகை, யாரோ மலிவாகக் கொடுத்தார்கள் என்று குட்டைத் தண்டு எஞ்சினைப் பூட்டினார். களனி ஆற்றுக்குள் ஒரு மாதிரி ஓடியது. வாய் தாண்டிக் கடல் அலை பட்டதும் புரொபெல்லர் காற்றை இழுத்து, எஞ்சின் மட்டும் கத்துகிறது, வள்ளம் நகரவில்லை. தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாக, அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்க வேண்டும் என்று பிறகு மெக்கானிக் பாஸ் சொன்னார்.

இன்னொன்று, மண்ணெண்ணெய் எஞ்சின். முன்பு மண்ணெண்ணெய் மலிவு என்பதற்காகவே அதை வாங்கினார்கள். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனதும் அந்தக் கணக்கு அடிபட்டுப்போனது. பெற்றோலில் கிளப்பி, சூடானதும் மாற்றி, நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் கயிறு இழுத்தே தோள் போகும். வாவியில் எப்போதாவது ஓடுபவருக்கு அது தேவையே இல்லை.

புரொபெல்லர் பழையதையே போட்டீர்களா?

*

இல்லை தம்பி, எஞ்சினோடு வந்தது. வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி முழு வேகத்தில் விட்டால், எஞ்சின் புத்தகத்தில் நிமிடத்துக்கு இத்தனை என்று போட்டிருக்கும் சுற்றுக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஓர் அங்குலம் பிட்ச் (ஒரு சுற்றில் புரொபெல்லர் முன்னேறும் கணக்கு) குறைந்ததைப் போட்டேன், சுமார் 200 சுற்று ஏறி அளவுக்குள் வந்தது. பெற்றோல் குழாயின் முனை மட்டும் பொருந்தவில்லை. ஒவ்வொரு கம்பனிக்கும் அது வேறு வேறு, வாங்கும்போதே சேர்த்துக் கேளுங்கள். போர் ஸ்ட்ரோக் எடுப்பவர்கள் வான் வண்டியில் ஏற்றுமுன் எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்று பாருங்கள், புத்தகத்தில் இருக்கும். மற்றப் பக்கம் கிடத்தினால் ஒயில் சிலிண்டருக்குள் ஏறிவிடும்.