மேலவீதி வீடு குழு: மாடி அறையில் தெள்ளுப்பூச்சி

வியாழன்

செல்வி: எல்லோருக்கும் வணக்கம். மாடி அறையைப் பொங்கலுக்குப் பிறகு நேற்றுதான் திறந்தோம். உள்ளே போய் வந்தவர்களுக்கெல்லாம் கணுக்காலில் கொத்துக் கொத்தாகத் தடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு 60 பேர் வருகிறார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சேகர்: கொசு

செல்வி: கொசு இல்லை சேகர். குதிக்கிறது.

ராஜி: மூட்டைப்பூச்சியா?

கார்த்தி: மூட்டைப்பூச்சி குதிக்காது பெரியம்மா. உள்ளே 3 பூனைக்குட்டிகள் இருந்தன. உடைந்த ஜன்னல் வழியாகத் தாய்ப்பூனை வந்து ஜமக்காளக் கட்டின் மேல் குட்டி போட்டிருக்கிறது. திங்கட்கிழமை தெருமுனையில் வண்டியில் அடிபட்டதே, அதுதான் தாய். கத்தல் கேட்டுத்தான் அறையைத் திறந்தோம்.

ராஜி: எந்த ஜமக்காளம்?

ராஜி: செல்வி, எந்த ஜமக்காளம்?

செல்வி: அத்தையின் பவானி ஜமக்காளம்தான் அக்கா. துவைத்துவிடலாம்.

ராஜி: பாகம் பிரித்த அன்றைக்கே கேட்டேன். இங்கேயே பத்திரமாக இருக்கும் என்றீர்கள்.

தினேஷ்: அம்மா, நான் சனிக்கிழமை காலை திருச்சி வந்து இறங்குகிறேன். யார் வண்டி எடுத்து வருகிறீர்கள்?

சேகர்: உப்பு தூவுங்கள். போய்விடும்

சேகர்: குட்டிகளுக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தடவு கார்த்தி

கோமதி: கார்த்தி, எதையும் தடவாதே. பள்ளியிலிருந்து வந்ததும் விவரமாக எழுதுகிறேன். அதுவரை குட்டிகளைப் பின்கட்டுக் குளியலறையில் வை. அங்கே ஃபினாயில் ஊற்றியிருந்தால் முதலில் நன்றாகக் கழுவிவிடு.

கார்த்தி: சரி அத்தை

ராஜி: நந்தினி மாசமாக இருக்கிற வீட்டில் பூனையா? வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று என்று சொன்னார்கள். இன்றைக்கே சாக்கில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள்.

நந்தினி: பெரியம்மா, ஐந்து வாரக் குட்டிகள். கண் திறந்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது.

ராஜி: உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் கண்ணு.

கோமதி: வந்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், தயவுசெய்து எல்லோரும் முழுவதும் படியுங்கள்.

இது உண்ணி இல்லை, பேனும் இல்லை. தெள்ளுப்பூச்சி. உண்ணி தோலில் அப்படியே கவ்விக்கொண்டு கிடக்கும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, பழுப்பாக, எள்ளில் பாதி இருக்கும். ரோமத்துக்குள் ஓடும், தொட்டால் துள்ளும். சந்தேகம் இருந்தால் குட்டியின் முதுகைக் கோதி, விழுகிற கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் எச்சம். குட்டி இழந்த இரத்தம்தான் அது.

கார்த்தி: பார்த்தேன் அத்தை. பஞ்சு சிவப்பாகிவிட்டது.

கோமதி: அடுத்ததுதான் முக்கியம். பூனை மேல் நாம் பார்ப்பது மொத்தத்தில் 100க்கு 5தான். மீதி 95 முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை ஒட்டாது, உப்புப் பொடி மாதிரி உதிர்ந்துவிடும். ஜமக்காள மடிப்பு, தரை வெடிப்பு, பாய், சாக்கு என்று எங்கே இருட்டோ அங்கே புழு வளரும். பிறகு கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் மருந்து இறங்காது. மனிதர் நடக்கிற அதிர்வு, உடல் சூடு, மூச்சுக் காற்று, இதெல்லாம் படும் வரை மாதக்கணக்கில்கூட உள்ளேயே காத்திருக்கும். நேற்று நீங்கள் கதவைத் திறந்து நடந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிட்டது, அண்ணி.

பெரிய அண்ணி, குட்டிகளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டால் தெள்ளும் கூடவே போய்விடாது. அது நம் வீட்டுத் தரையில் இருக்கிறது. கடிக்கப் பூனை இல்லையென்றால் பசியோடு உங்கள் காலைத்தான் தேடும். குட்டிகளும் சாகும், விசேஷத்துக்கு வருகிறவர்களும் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சேகர்: சமையலுக்கு எத்தனை இலை சொல்லட்டும்? 60 தானா

செல்வி: 75 சொல் சேகர். சம்பந்தி வீட்டில் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை.

ராஜி: எங்கள் வீட்டில் 6 பேர். எனக்கும் இன்னும் யாரும் முறையாக அழைப்புச் சொல்லவில்லை.

செல்வி: அக்கா, போன வாரம் நேரில் வந்து குங்குமம் கொடுத்தேனே.

ராஜி: எனக்குக் கொடுத்தாய். இவருக்குச் சொன்னாயா?

கார்த்தி: பேன் மருந்து போடலாமா அத்தை? மருந்துக் கடையில் பாப்பாக்களுக்குக் கொடுக்கிறார்களே, அது. வாங்கி வைத்துவிட்டேன்.

கோமதி: கார்த்தி, திறக்காதே. அட்டையில் பெர்மெத்ரின் என்று இருக்கிறதா பார்.

கார்த்தி: இருக்கிறது

கோமதி: நம் தலைக்கும் நாய்க்கும் சரி. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி இல்லை. உடல் நடுங்கி, வலிப்பு வந்து செத்துவிடும். நாய்க்குக் கழுத்தில் விடும் மருந்துகள் பலவற்றிலும் இதுதான் இருக்கிறது. ஃபினாயிலும் அப்படியே, காலில் பட்டு நக்கினால் விஷம். அந்துருண்டை, கற்பூரம் எதுவும் குட்டிகள் பக்கம் வேண்டாம். மண்ணெண்ணெய் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முன்பு நம் வீட்டில் வளர்ந்த நாய் மணிக்கு என்ன ஆயிற்று என்று சேகருக்கே தெரியும்.

சேகர்: அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் செய்தார்கள்

கோமதி: உன்னைக் குறை சொல்லவில்லை சேகர். தோல் வெந்து அது ஒரு மாதம் கிணற்றடியில் படுத்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

செல்வி: அவர்தான் தினமும் அதற்குத் தயிர்சாதம் ஊட்டினார்.

கோமதி: ஆமாம் அண்ணி. அண்ணனுக்குத்தான் அந்தப் பொறுமை.

வெள்ளி

கார்த்தி: ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டு வந்தோம். எடை 430, 450, 380 கிராம். எட்டு வாரம் ஆகும் வரை கழுத்தில் விடும் மருந்து வேண்டாம் என்றார்கள். இப்போதைக்குச் சீப்பும் குளியலும்தான். சின்னதுக்கு ஈறு வெளுத்திருக்கிறது. தெள்ளு குடித்துக் குடித்துச் சோகை. அதற்கு மட்டும் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். குடற்புழு மருந்தும் கொடுத்தார்கள்.

நந்தினி: சின்னது பிழைத்துவிடுமா?

கார்த்தி: சூடாக வைத்திருந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொன்னார்கள். பசும்பால் கூடாதாம், குட்டிகளுக்கான பால் பொடிதான். நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணி.

கோமதி: குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றிச் சோப்பு நுரை போடு. இல்லையென்றால் எல்லாம் முகத்துக்கு ஏறிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், 5 நிமிஷம், உடனே துவட்டி வெயிலில் வை. பேன் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கு. நகத்தில் நசுக்கினால் எளிதில் சாகாது, துள்ளிப் போய்விடும்.

ராஜி: நந்தினி தொடக் கூடாது.

கோமதி: பெரிய அண்ணி சொல்வதில் ஒரு பாதி உண்மை. பூனையின் மலத்தில் வரும் ஒரு கிருமி கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தெள்ளுக்கடியால் அது வராது. மணல் தட்டைக் கார்த்தி தினமும் காலையில் எடுத்துவிட வேண்டும், ஒரு நாளுக்கு மேல் கிடந்தால்தான் அது தொற்றும் நிலைக்கு வரும். நந்தினி தட்டுப் பக்கமே போக வேண்டாம். கீரையை நன்றாகக் கழுவு, கறியை நன்றாக வேகவை. அந்தக் கிருமி அந்த வழியாகவும் வரும். டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

ராஜி: அதைத்தானே நானும் சொன்னேன்.

கோமதி: ஆமாம் அண்ணி.

தினேஷ்: திருச்சி யார் வருகிறீர்கள்?

செல்வி: ஜமக்காளம் மூன்றையும் கொதிநீரில் ஊறப்போட்டேன். சாயம் போகவில்லை. மொட்டை மாடியில் காய்கிறது. பாயையும் சாக்கையும் வெளியே போட்டாயிற்று.

ராஜி: போட்டோ போடு.

செல்வி: போட்டிருக்கிறேன் அக்கா.

ராஜி: அத்தை தைத்த மூலை அப்படியே இருக்கிறது.

சனி

கோமதி: எதிர்வீட்டு வாக்குவம் கிடைத்ததா? தரை வெடிப்பு, அலமாரிக்கு அடி, ஊஞ்சல் சங்கிலி மாட்டிய மூலை, எல்லா இடமும் இழுக்க வேண்டும். பையை உடனே கட்டித் தெருத்தொட்டியில் போடு. இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடைத்துத் துணியைக் கொதிநீரில் போடு. இரவில் தரையில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர், அதன் மேலே தாழ்வாக ஒரு விளக்கு. சூட்டுக்கு வந்து விழும்.

கார்த்தி: நேற்று இரவே வைத்தோம் அத்தை. மாடியில் 31. கூடத்தில் 4.

செல்வி: இன்னுமா கூடத்தில்?

கோமதி: இரண்டு, மூன்று வாரம் வரை வரும் அண்ணி. கூட்டிலிருந்து வருவது உடனே நிற்காது. வேலை வீண் என்று நினைத்துவிடாதீர்கள், தினமும் இழுத்தால் குறைந்துகொண்டே போகும். நாளைக்கு மாடியைப் பூட்டிவிட்டு வாசல் பந்தலில் வைத்துக்கொள்ளலாமே.

சேகர்: மண்டபம் பேசட்டுமா. தெரிந்தவர் இருக்கிறார்

செல்வி: அவர் இருந்திருந்தால் பேரப்பிள்ளை விசேஷத்தை இந்த வீட்டுக் கூடத்தில்தான் வைத்திருப்பார். மண்டபம் வேண்டாம் சேகர்.

ராஜி: பந்தல் என்றால் கீழே விரிக்க என்ன இருக்கிறது?

செல்வி: ஜமக்காளம் காய்ந்துவிட்டது அக்கா.

ராஜி: சரி. நான் காலையில் வந்து விரிக்கிறேன். எனக்குத்தான் அதன் மடிப்புத் தெரியும்.

நந்தினி: கார்த்தி, சின்னது?

கார்த்தி: இப்போது 395. தானாகவே நக்கிக் குடித்தது. இன்று சீப்பில் 2தான் வந்தது.

சேகர்: மண்டபத்துக்காரர் லைனில் இருக்கிறார். வேண்டும், வேண்டாம், ஏதாவது ஒன்று சொல்லுங்கள்

தினேஷ்: நான் திருச்சியில் இறங்கி ஒரு மணி நேரம் ஆகிறது