பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசரோடு உங்களுக்கு நடந்தது

நுவரெலியாக்காரன்
எச்பி 141டி பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை, ரேடியோ சிக்னல்களை அலைவரிசை வாரியாகத் திரையில் கோடுகளாகக் காட்டும் பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் பெட்டி. டவுனில் டீவி ரிப்பேர் செய்த ஒரு பெரியவரிடம் இருந்தது. உள்ளே சிக்னலை வாங்கும் 8554பி பகுதி, 1250 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். எஃப்எம் பேண்டைப் போட்டார். ஒலிபரப்புக் கோபுரங்கள் உள்ள பிதுருதலாகலை மலை தலைக்கு மேலேயே நிற்கிறதால் கோடுகள் திரையின் உச்சியைத் தொட்டன. நடுவில் ஒன்றைக் காட்டி, "இது யாரு ஸ்டேஷன்னே தெரியல தம்பி, பல வருஷமா பாக்கிறேன்" என்றார். கொப்பியில் தேதி போட்டு எழுதியும் வைத்திருந்தார். நான் சும்மா, உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டனுவேட்டரை 10 டெசிபெல் கூட்டினேன். மற்றக் கோடுகள் ஒரு கட்டம், அதாவது அதே 10 டெசிபெல், இறங்கின. அது மட்டும் இரைச்சலுக்குள் போய்விட்டது. அந்தத் திரை பழைய கோட்டை உடனே விடாதே, பச்சையாக மெல்ல மெல்லத்தான் அழிந்தது. பெரியவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மூடிட்டானுங்க போல" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

அப்புத்தளை
வாய் திறக்காதது நல்லது, ஏனென்றால் அது பெட்டிக்குள்ளேயே பிறந்த பொய்க்கோடு என்று நீங்கள் சொல்லப்போனது சரியா என்றே தெரியாது. கோடு எவ்வளவு உயரம்? இரைச்சலுக்கு மேலே ஒரு கட்டம்தான் என்றால் உண்மையான சிக்னலும் மறையும். பெட்டிக்குள் சிக்னல்களைக் கலக்கும் மிக்சர், பலமான சிக்னல்களில் திணறி உண்டாக்கும் மூன்றாம் வரிசைப் பொய்க்கோடு, அட்டனுவேட்டரை 10 டெசிபெல் கூட்டினால் 30 டெசிபெல் இறங்கும். அதை அளந்தால்தான் பேச்சு.

இன்னொன்று, பொய்க்கோடு பெட்டிக்கு வெளியேயும் பிறக்கும். எங்கள் தோட்டத்தில் டெக்ட்ரோனிக்ஸ் 492 அனலைசர் வைத்துப் பார்த்தபோது காற்றடித்தால் ஒரு கோடு குதிக்கும். பையன் ஒருவன் ஏறி, லயத்துக் கூரையில் துருப்பிடித்த இரண்டு தகரம் சேரும் இடத்தைக் கையால் அழுத்தினான். கோடு காணோம். கையை எடுத்தான், வந்துவிட்டது. துருவே டயோடு மாதிரி வேலை செய்து சிக்னல்களைக் கலந்துவிடுகிறது.

ஹட்டன் சர்வீஸ்
எங்களிடம் வந்த பெட்டி சுவிட்ச் போட்டதும் 'டப்', உள்ளே டாண்டலம் கெப்பாசிட்டர் வெடித்துவிட்டது. அவ்வளவுதான் கதை. ஆனால் வாங்கப்போகிறவர்கள் கேளுங்கள். முதலில் பின்பக்கம் வோல்டேஜ் சுவிட்சைப் பாருங்கள், 115 வோல்ட்டில் இருந்தால் 230க்கு மாற்றாமல் பிளக்கைத் தொடாதீர்கள். முதல் தடவை தொடரில் ஒரு பல்ப் போட்டுக் கரண்ட் கொடுங்கள். மழை மாதங்களில் பெட்டியை வாரக்கணக்கில் சும்மா வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரத்துக்கு சுவிட்சுக் கொன்டாக்ட் எல்லாம் கறுத்துவிடும். பிக்சர் டியூப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட், ஈரத்தோடு மூடியைத் திறந்து விளையாட்டு வேண்டாம். வெளிச்சத்தைக் கூட்டிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், திரையில் தழும்பு விழும். எல்லாவற்றையும் விட, டிரான்ஸ்மிட்டரை நேரே இன்புட்டில் கொடுக்காதீர்கள். பல மாடல்களுக்கு ஒரு வாட்தான் எல்லை, அதுவும் அட்டனுவேட்டர் போட்டிருந்தால். கையில் பிடிக்கிற ரேடியோவே ஐந்து வாட் தள்ளும்.

நுவரெலியாக்காரன்
அண்ணே, பெட்டி என்னுடையது இல்லை, வாங்கவும் போகவில்லை.
அப்புத்தளைக்கு: இரைச்சலுக்கு மேலே நல்ல மூன்று கட்டம் இருந்தது. தகரத்தில் பிறந்திருந்தால் மற்றக் கோடுகளைப் போல ஒரு கட்டம்தான் இறங்கியிருக்கும்.

அப்புத்தளை
அதை முதலிலேயே எழுதியிருக்கலாமே.

பண்டாரவளை
ஹட்டன் அண்ணன் சொன்ன ஐந்து வாட் எங்கள் வேலைத்தளத்திலேயே நடந்தது. ஆண்டெனா கேபிள் என்று நினைத்து ஒருவர் அனலைசர் கேபிளில் வாக்கிடாக்கியைப் பூட்டி பட்டனை அமுக்கிவிட்டார். புகை இல்லை, சத்தம் இல்லை. அன்றிலிருந்து எந்த பேண்டைப் போட்டாலும் அடியில் இரைச்சல் மட்டும்தான். மிக்சர் டயோடு போய்விட்டது, மாற்றுவதற்கு இன்னும் தேடுகிறோம். அவரோ, "லேசாத்தானே அமுக்கினேன்" என்கிறார்.